வீக்கம் இறக்கிய வீடு

எங்கள் வீட்டைத் தேடி வருகிறவர்கள் மோகனூரில் இறங்கி யாரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள். வீக்கத்துக்கு மருந்து கொடுக்கிற வீடு என்று கேட்டால் போதும். முழங்கால் வீக்கம், கணுக்கால் வீக்கம், மாடு உதைத்த வீக்கம், முள் குத்திச் சிவந்த வீக்கம், காரணமே தெரியாமல் காலையில் எழுந்ததும் புசுபுசுவென்று நிற்கிற வீக்கம், எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, ஒரே ஆள். அந்த ஆள் என் வீட்டுக்காரர். எங்களுடையது நிலம் நிறைய உள்ள குடும்பம். ஏர் பிடிக்கவும் தண்ணீர் கட்டவும் ஆட்கள் இருந்தார்கள். அதனால் இவருக்கு ஊரார் வீக்கத்தைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். பெண் பார்க்க வந்தபோதே மருந்துப் பெருமையைத்தான் அளந்தார்கள். அவருடைய அப்பா கொடுத்தாராம், அவருக்கு முன்னால் அவருடைய அப்பா கொடுத்தாராம், முதன்முதலில் யாரோ ஒரு சாமியார் ஆற்றங்கரையில் வைத்துச் சொல்லிக் கொடுத்தாராம். நம் பக்கத்தில் எந்த மருந்தைக் கேட்டாலும் அதன் மூலத்தில் ஒரு சாமியார் உட்கார்ந்திருப்பார். வேலிக்கு வேலி மண்டிக் கிடக்கிற நொச்சியைப் பறிக்க ஒரு சாமியார் எதற்கு என்று எனக்கு அப்போதே தோன்றியது. கல்யாணப் பெண் வாயைத் திறக்கக்கூடாது என்பதால் கேட்கவில்லை.

மருந்துக்குச் சில முறைகள் இருந்தன. முறை என்றுதான் சொல்வார்கள், விதி என்று சொன்னால் மரியாதைக் குறைவு. காசு வாங்கக்கூடாது. மருந்தின் பெயரை வெளியே சொல்லக்கூடாது. சொன்னால் பலிக்காது. வேண்டியவர் தாமே வந்து, வாசலுக்கு வெளியே நின்று, இரண்டு வெற்றிலையும் ஒரு கொட்டைப்பாக்கும் கையில் வைத்துக்கொண்டு வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்காமல் இவராகக் கொடுத்தால் பச்சிலைக்கு வேகம் போய்விடும். கடைசி முறைதான் எல்லாவற்றிலும் அழகானது. பறிக்கிற கை அரைக்கக்கூடாது. ஆண்பிள்ளை விடியற்காலையில் குளித்து, யாரோடும் பேசாமல் போய்த் தழையைப் பறித்துக் கூடையில் கொண்டுவந்து வைப்பார். அதோடு அவர் வேலை முடிந்தது. அரைப்பது வீட்டுப் பெண்ணின் வேலை. இந்த முறையை வகுத்த சாமியாருக்கு அம்மி என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

பெயரைச் சொன்னால் பலிக்காது என்கிற மருந்தின் பெயரை இப்போது சொல்கிறேன். நொச்சித் தழை, தழுதாழை, ஆமணக்கின் கொழுந்து, விரலி மஞ்சள், கொடிவேலி வேர். முதல் நாலும் எந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். காலில் சுளுக்கு என்றால் நொச்சியை வதக்கி ஒத்தடம் கொடுக்கத் தெரியாதவள் எங்கள் பக்கத்தில் கிடையாது. ஐந்தாவதுதான் வீட்டு ரகசியம். கொடிவேலியைச் சித்திரமூலம் என்றும் சொல்வார்கள். காரமான வேர். அதன் பட்டையை உரித்துச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் நஞ்சு போய்விடும் என்பது இவருடைய நம்பிக்கை. தழையோடு சேர்த்து வெண்ணெய் மாதிரி அரைத்து, விளக்கெண்ணெயில் குழைத்து, வாழை இலையில் பொட்டலம் கட்டிக் கொடுக்க வேண்டும். வீங்கின இடத்தில் பத்துப் போட்டு, ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் வைத்துவிட்டு வழித்து எறிந்துவிட வேண்டும். அதற்கு மேல் வைத்தால் கொப்புளிக்கும். இதை மட்டும் வருகிற ஒவ்வொருவரிடமும் மறக்காமல் சொல்லுவார். எத்தனை நாழிகை அரைத்தால் கொப்புளிக்கும் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. அதை அவரிடம் யாரும் கேட்டதும் இல்லை.

நான் போனபோது அரைத்தது மாமியார். அவர் எந்நேரமும் இரண்டு கையையும் சேலைத் தலைப்பில் சுற்றியே வைத்திருப்பார். யார் வந்தாலும் கையைக் காட்ட மாட்டார். பெரிய வீட்டு அம்மாள் என்கிற தோரணை என்று நினைத்தேன், மனசுக்குள் சிரித்தும் இருக்கிறேன். கடைசிக் காலத்தில் விரல்கள் மடங்காமல் போய், சோற்றை உருட்டி வாயில் வைக்க ஆள் வேண்டியிருந்தது. கை வாதம் என்றார்கள். வயசானால் வருவதுதான் என்றார்கள். அவர் போனதும் அம்மி என்னிடம் வந்தது.

ஞாயிறும் வியாழனும் மருந்து நாள். காலையில் வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள். யுத்தக் காலத்தில் கரியைப் போட்டு ஓட்டுகிற பஸ் வந்த பிறகு கூட்டம் இன்னும் கூடியது. அந்த பஸ் ஏற்றத்தில் நின்றுபோகும், இறங்கித் தள்ள வேண்டும். வீங்கின முழங்காலோடு பஸ்ஸைத் தள்ளிவிட்டு, இன்னும் கொஞ்சம் வீக்கத்தோடு எங்கள் வாசலுக்கு வந்து சேருவார்கள். ஆட்டையாம்பட்டிப் பக்கத்திலிருந்து நெசவுக்காரர்கள் அதிகம் வருவார்கள். குழித்தறியில் நாள் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு, ஈரக் குழிக்குள் மிதித்துக்கொண்டே இருந்தால் முழங்கால் என்னத்துக்கு ஆகும். அவர்களுக்கு வேண்டியது மருந்தைவிடக் கொஞ்சம் உட்காராத நாள். அதைக் கொடுக்க எங்கள் வாசலில் வழி இல்லை.

மருந்தில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தூக்கிக்கொண்டு வந்து இறக்கப்பட்டவர்கள் அடுத்த வியாழன் நடந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். சிவப்பு மாறி, சூடு தணிந்து, தோல் சுருங்கி வீக்கம் இறங்கியதை என் கண்ணால் கண்டதுண்டு. இறங்காமல் போனவர்களும் உண்டு. அவர்கள் மறுபடி வருவதில்லை. வராதவர்களை யார் எண்ணுகிறார்கள். வந்து கும்பிட்டவர்களை மட்டும் எண்ணி எண்ணி என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

அவர் மருந்து கொடுக்கிற அழகே தனி. முன்கூடமான ஆசாரத்தில் பாயைப் போட்டுச் சம்மணம் கொட்டி உட்கார்ந்திருப்பார். வாசலுக்கு வெளியே ஆள் நின்று வெற்றிலையை நீட்டினால் நிமிர்ந்து பார்க்க மாட்டார். பார்வை முழுக்க முன்னால் இருக்கிற பொட்டலங்களின் மேல்தான். "எந்த எடம் சாமி?" என்பார். வயசானவர், சின்னவர், ஆண், பெண் எல்லாரும் அவருக்குச் சாமிதான். இடத்தைச் சொன்னதும் ஒரு பொட்டலத்தை எடுத்து வெற்றிலை இருந்த கையில் வைப்பார். முகத்தைப் பார்த்துக் கொடுத்தால் அவன் நோய் தன்னைத் தொற்றும் என்று ஒரு எண்ணம். எல்லா நோயையும் இப்படித் தலையைக் குனிந்தே கடந்தவர் அவர்.

எனக்குக் கை வீங்கத் தொடங்கியது நான் அரைக்க ஆரம்பித்த அடுத்த வருஷம். முதலில் விரல் நுனிகள் சிவந்தன. பிறகு எரிச்சல். பிறகு கணுவுக்குக் கணு தடித்துத் தோல் உரிந்தது. வளையல் உள்ளங்கையைத் தாண்டி ஏறாமல் போனது. காலையில் கையை மூட முயன்றால் பாதியில் நின்றுவிடும். மாதத்தில் மூன்று நாள் மருந்துப் பக்கம் என்னை அண்ட விடமாட்டார்கள். அந்த மூன்று நாளில் கொஞ்சம் தேவலாம் போல இருக்கும். ஓய்வு கிடைத்ததால் என்று நினைத்துக்கொண்டேன். மாமியார் கை ஞாபகத்துக்கு வந்தது. எனக்கும் வாதம்தான், என்ன, கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். இன்னும் சில வருஷத்தில் யாராவது எனக்குச் சோறு உருட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். எனக்கு அப்போது முப்பது வயசுகூட ஆகவில்லை.

அவரிடம் இரண்டு தடவை சொன்னேன். முதல் தடவை, கை எரிகிறது என்றேன். மஞ்சள் பட்டால் அப்படித்தான் என்றார். இரண்டாம் தடவை, வீங்கியிருக்கிறது, நமக்கும் ஒரு பொட்டலம் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவர் தழையில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே சொன்னார்.

"ஊட்டுக்குள்ள இருக்கறவீங்களுக்கு இது கேக்காது புள்ள. வெளிய நின்னு கேக்கறவீங்களுக்குத்தான். மொற அப்பிடி."

அதோடு விஷயம் தீர்ந்தது. ஊரெல்லாம் வெளியே நின்று கேட்கலாம். நான் உள்ளே இருக்கிறவள். உள்ளே இருக்கிற குற்றத்துக்கு வீக்கத்தை அனுபவித்துக்கொண்டே அரைக்க வேண்டும். இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும்.

என்னை வாசலுக்குத் தள்ளியது என் எருமை. பிறந்த வீட்டுச் சீராக வந்த எருமையின் கன்று அது. என்னைத் தவிர யாரும் மடியில் கை வைக்க விடாது. அன்றைக்குக் காம்பைப் பிடித்தால் விரல் மூடவில்லை. இழுக்க முடியாமல் நெருட, அதற்கு வலித்திருக்கும். ஒரு உதை விட்டது. பால் செம்பு உருண்டு மாட்டுக் கொட்டத்தில் பால் ஆறாய் ஓடியது. எருமையை நான் அடிக்கவில்லை. கட்டுத்தறியில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். கைக்காக அழுதேனா, பாலுக்காக அழுதேனா தெரியாது. இனி இந்தக் கை எதற்கும் உதவாது என்ற பயம்தான் அதிகம் இருந்தது.

அது ஒரு வியாழக்கிழமை. ஆட்டையாம்பட்டியிலிருந்து புருஷனைக் கூட்டிக்கொண்டு மருந்து வாங்க வருகிற நெசவுக்கார அம்மாள் ஒருத்தி, தண்ணீர் கேட்டுப் புழக்கடைப் பக்கம் வந்தாள். செம்பை நான் நீட்டிய விதத்தைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். நாலு வருஷத்தில் என் கையை ஒருத்தர் திருப்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வீட்டிலேயே மருந்தை வைத்துக்கொண்டு இது என்ன கோலம் என்று கேட்டாள். முறையைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் மடியை அவிழ்த்து இரண்டு வெற்றிலையையும் ஒரு பாக்கையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"வெளிய நின்னு கேக்கோணும், அவ்வளவுதானுங்களே அம்மிணி. சுத்திக்கிட்டுப் போயி நில்லுங்க."

புழக்கடைப் படலைத் திறந்து, வேலியோரமாகச் சுற்றி, எங்கள் வீட்டு வாசலுக்கே வெளியூர்க்காரி மாதிரி போய்ச் சேர்ந்தேன். முப்பது நாற்பது பேர் நின்றிருப்பார்கள். என்னைத் தெரிந்தவர்கள் வழி விட்டார்கள். நான் முந்தவில்லை. என் முறை வருகிற வரைக்கும் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு வண்டிக்காரர், அவருக்கு முன்னால் தாடை வீங்கின ஒரு கிழவர். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்ததால் கால் நகரவில்லை. என் முறை வந்ததும் கையை நீட்டினேன்.

"எந்த எடம் சாமி?" என்றார் என் வீட்டுக்காரர், பொட்டலங்களைப் பார்த்தபடி.

"கையிங்க" என்றேன்.

குரல் தெரிந்ததும்தான் தலை நிமிர்ந்தது. என்னைப் பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்தக் கையை அவர் பார்த்ததே இல்லை என்பது அவர் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது.

"எப்பிருந்து?"

"நாலு வருசமாங்க. இந்தக் கை அரைக்கறதத்தான் ஊருக்கெல்லாம் குடுக்கறீங்க."

கூட்டத்தில் எங்கோ பின்னால் அந்த நெசவுக்கார அம்மாள் இருமினாள். அவருக்கு வேறு வழி இல்லை. வெளியே நின்று, வெற்றிலை பாக்கோடு, வாய் திறந்து கேட்டாயிற்று. கொடுக்காவிட்டால் பாட்டன் காலத்து முறை கெட்டுவிடும். பெண்டாட்டிக்காக அசையாத மனுஷன் முறைக்காக அசைந்தார்.

மேலே அப்புகிற பத்து, சமைக்கிற கைக்கு ஆகாதாம். கொடிவேலி சோற்றில் பட்டால் வயிற்றைச் சுடும் என்றார். அதனால் எனக்கு உள் மருந்து என்று தீர்மானித்தார். வெளியிலிருந்து வீக்கத்தை அடக்குவது ஒன்று, உள்ளே நோய் நுழையாமல் உடம்புக்குக் காவல் போடுவது ஒன்று, சீந்தில் காவல் போடுகிற கொடி என்று கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி விளக்கினார். அதுவும் வேப்பமரத்தில் ஏறின சீந்தில்தான் வேண்டுமாம். ஊர்க் கோயில் வேம்பிலிருந்து அவரே போய் வெட்டிக்கொண்டு வந்தார். வெட்டியதோடு அவர் வேலை முடிந்தது, வழக்கம்போல. கொடியை நசுக்கி, ஊறவைத்து, காய்ச்சி, நாலில் ஒன்றாக வற்றவைத்துக் கொடுத்தது என் கொழுந்தனார் பெண்டாட்டி.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேச்சேரிப் பக்கத்துப் பெண். எங்கள் வீட்டுக்கு வந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதிகம் பேச மாட்டாள். எதைச் சொன்னாலும் சரிங்க அக்கா என்பாள். அந்தச் சரிங்க அக்காவைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். புத்தி கொஞ்சம் மட்டு என்று முடிவு பண்ணி வைத்திருந்தேன்.

மருந்து ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். காலையும் மாலையும் கஷாயம். பத்தியம் கடுமையாக இருந்தது. புளி இல்லை, கத்தரிக்காய் இல்லை, கருவாடு இல்லை, உப்பு வறுத்துத் துளி. பச்சைத் தண்ணீரில் கை படக்கூடாது. தண்ணீரில் கை வைக்காமல் வீட்டில் ஒரு பெண் என்ன வேலை செய்ய முடியும். ஒன்றும் முடியாது. ஆகவே நாற்பத்தெட்டு நாள் நான் ராணியாக உட்கார்ந்தேன். சமையல், சாணி, பாத்திரம், கஷாயம், எருமைக்குத் தவிடு, எல்லாம் அவள் தலையில் விழுந்தன. எருமைகூட அவள் கைக்குப் பழகிவிட்டது. அதற்காக எருமை மேலும் எனக்குக் கோபம். அம்மியும் அவளிடம்தான் போயிற்று. ஞாயிறும் வியாழனும் விடிவதற்கு முன்னால் உட்கார்ந்து அவள்தான் அரைத்தாள்.

நான் அருகில் மணை போட்டு உட்கார்ந்து குறை சொன்னேன். வேறு வேலை இல்லாதவளுக்குக் குறை சொல்வது ஒரு வேலை. குழவியைத் தடவுகிறாயா அரைக்கிறாயா என்பேன். வேரில் நார் நிற்கிறது, நான் அரைத்தால் வழுவழுவென்று வரும் என்பேன். சரிங்க அக்கா என்பாள். மறுபடி அரைப்பாள்.

பத்து நாளில் என் கையில் சிவப்பு மங்கத் தொடங்கியது. இருபது நாளில் பழைய தோல் உரிந்து உள்ளே புதுத் தோல் தெரிந்தது. ஒரு மாதத்தில் கை மூடியது. மூடிய கையைத் திறந்து, மறுபடி மூடி, இப்படியே ஒரு பகல் முழுக்க விளையாடினேன். என்னைவிடச் சந்தோஷப்பட்டவர் என் வீட்டுக்காரர். மருந்து நாளில் என்னை ஆசாரத்துக்குக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொல்வார். வந்தவர்கள் பார்த்து வாயைப் பிளப்பார்கள். சொந்த வீட்டுக்கே பலித்துவிட்டது என்பார். நாலு வருஷம் பார்க்காத கையை நாலு ஊருக்குக் காட்டினார். எனக்கு அருவருப்பாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நானும் நீட்டினேன், திருப்பியும் காட்டினேன். அவரை நான் எத்தனை ஏளனம் செய்தாலும், அந்த ஒரு மாதத்தில் அவருக்கு ஏற்ற பெண்டாட்டியாகத்தான் இருந்தேன்.

நாற்பத்தெட்டு முடிந்து தலை முழுகியதும் நேரே கொட்டத்துக்குப் போனேன். எருமை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு நின்றது. விரல்கள் காம்பைச் சுற்றி முழுசாக மூடின. செம்பில் பால் விழுந்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. செம்பு நிறைந்து நுரை தளும்பியது. அதைத் தூக்கிக்கொண்டு, இளக்காரமும் பெருமையுமாக அடுப்படிக்குப் போய், இந்தா, பிடி என்று அவளிடம் நீட்டினேன்.

அவள் விரலால் வாங்கவில்லை. சேலைத் தலைப்புக்குள் இருந்த இரண்டு கையையும் எடுக்காமல், மணிக்கட்டுகளுக்கு நடுவில் செம்பை அணைத்துப் பிடித்தாள். என்ன திமிர், செம்பைக் கையால் வாங்க மாட்டாயா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது மாமியார் ஞாபகம் வந்தது. செம்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டுத் தலைப்பை இழுத்தேன். விரல்கள் சிவந்து உப்பியிருந்தன. கணுவுக்குக் கணு வெடிப்பு. வளையலுக்குக் கீழே தோல் பிதுங்கி நின்றது. இந்தக் கையை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன். என்னுடையது அது.

"எத்தன நாளா?" என்று கேட்டேன்.

"நீங்க உக்காந்து ஒரு பத்து நாளு இருக்குமுங்க அக்கா, அப்பிருந்து."

"ஏஞ் சொல்லல?"

"உங்களுக்குத் தெரியாததுங்களா. நீங்களே பாத்துக் கேப்பீங்கன்னு இருந்தனுங்க."

என் கை ஆறத் தொடங்கின நாளும் அவள் கை வீங்கத் தொடங்கின நாளும் ஒன்று. அதற்கு மேல் எனக்கு வைத்திய சாஸ்திரம் தேவைப்படவில்லை. மாமியாரின் வாதம், என் வாதம், இவளுக்கு இருபது வயசில் வந்த வாதம், மூன்றுக்கும் பெயர் கொடிவேலி. ஊரார் ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாத வேரில், நாங்கள் விடியலிலிருந்து வெயில் ஏறும் வரைக்கும் கையை வைத்துக்கொண்டிருந்தோம். ஊரார் வீக்கம் இறங்கி எங்கள் விரலில் ஏறியது.

இப்போது சீந்திலைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுமாம், வீக்கத்தைத் தணிக்குமாம். இருக்கலாம். என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். கஷாயம் குடிக்கத் தொடங்கிய அன்றைக்கே அரைப்பதையும் நிறுத்திவிட்டேன். எது என் கையை ஆற்றியது என்று எனக்குத் தெரியாது. ஆசாரத்தில் கையை நீட்டிக் காட்டியபோது மட்டும் தெரிந்த மாதிரி நடித்தேன்.

ஊறப்போட்டிருந்த வேரை அன்றைக்கே எடுத்துக் குப்பைக் குழியில் கொட்டினேன். என் வீட்டுக்காரர் குதித்தார். வேரில்லாமல் மருந்தா என்றார். வேண்டுமென்றால் நீங்களே அரையுங்கள் என்றேன். பறிக்கிற கை அரைக்கக்கூடாது என்றார். அப்படியானால் வேர் கிடையாது என்றேன். கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மற்ற நாலு சரக்கை மட்டும் அரைத்து வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தார். சிலருக்கு வீக்கம் இறங்கியது, சிலருக்கு இறங்கவில்லை, முன்னைப் போலவே. கூட்டமும் குறையவில்லை.

அவள் கைக்கு நான்தான் விளக்கெண்ணெய் போட்டேன், நொச்சி ஒத்தடம் கொடுத்தேன். ஆறுவதற்கு இரண்டு மாதம் ஆனது. அதற்குள் ஒரு வார்த்தை அவள் என்னைக் குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு பேசிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

என் வீட்டுக்காரர் கண்ணிருந்தும் பார்க்காதவர் என்று இன்றைக்கும் சொல்வேன், யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் அவருக்கு அந்த எரிச்சல் என்னவென்று தெரியாது. எனக்கு அது ஒவ்வொரு விரலாகத் தெரியும். தெரிந்தவள்தான், அவள் அந்தக் கையால் போட்ட சோற்றை அத்தனை நாளும், குழைந்துவிட்டது, ஆறிவிட்டது என்று குறை சொல்லிச் சொல்லி வாங்கித் தின்றேன்.